ஒன்றாம் வகுப்பில் ஒரு தூக்கம்

தெருவே கிசுகிசுத்துப் பேச ஆரம்பித்து மூன்று நாள் ஆகிவிட்டது.

காய்கறி வண்டிக்காரர் "தக்காளி, வெங்காயம்" என்பதை ஏதோ ரகசியம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போனார். டயர் கடைக்காரர் தன் சுத்தியலுக்குப் பழைய துணியைச் சுற்றியிருந்தார். பழைய பேப்பர் வாங்குகிறவர் மணியை அடிக்காமல் ஒவ்வொரு கதவையும் விரல் நுனியால் தட்டினார். அது யாருக்கும் கேட்கவில்லை. மூன்று நாளாக அவருக்கு ஒரு கிலோ பேப்பர்கூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் மணியைத் தொடவில்லை.

இத்தனைக்கும் காரணம் மிளகு.

மிளகு என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. ஐந்தாம் வகுப்பிலேயே குள்ளமானவள் அவள்தான். ஒன்றைப் பிடித்தால் விடாதவளும் அவள்தான். அதனால் அப்பா வைத்த செல்லப் பெயர் அது. இப்போது வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்பா தெருமுனை ரொட்டிக் கடையில் அடுப்பு மாஸ்டர். இரவு ஒன்பது மணிக்குப் போனால் காலை ஐந்து மணிவரை வேலை. மாவு பிசைவது, உருட்டுவது, நீண்ட மரத்தட்டில் வைத்து அடுப்புக்குள் தள்ளுவது, சரியான நேரத்தில் வெளியே இழுப்பது என்று ஒரு ராத்திரிக்கு முந்நூறு ரொட்டி. காலையில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் தலையணையில் தலையை வைத்தால், மூன்று மணிவரை இடி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டார்.

அதெல்லாம் இருபது நாளுக்கு முன்னால்.

இருபது நாளுக்கு முன்னால்தான் அந்த வெயில் வந்து உட்கார்ந்தது. வெயில் எல்லா வருஷமும் வரும், நான்கு நாள் வாட்டும், போய்விடும். இந்த வருஷம் வந்தது போகவே இல்லை. நேற்றுதான் இதுவரை இல்லாத வெயில் என்று செய்தியில் சொல்வார்கள். மறுநாள் அதையும் மிஞ்சிவிட்டது என்பார்கள். மிளகின் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. அதற்கு மேலே மொட்டை மாடி, அதற்கு மேலே சூரியன், நடுவில் வேறு யாரும் இல்லை. சுவர்கள் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் திருப்பிக் கொடுத்தன. மின்விசிறி போட்டால் அந்தச் சூடுதான் அறை முழுக்கச் சுற்றி வந்தது.

அப்பா தரையில் படுத்துப் பார்த்தார். ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு பார்த்தார். குளியலறையில் காலை நீட்டிக்கூடப் பார்த்தார். கண் சிவந்ததுதான் மிச்சம், தூக்கம் வரவில்லை.

தூக்கம் இல்லாத ஆள் என்ன செய்வார்? ஒரு ராத்திரி மாவில் உப்பைப் போட்டார். கால் மணி நேரம் கழித்து, போடவில்லை என்று நினைத்து மறுபடியும் போட்டார். மாவில் ஒரு துளியைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பது அடுப்பு மாஸ்டர்களின் வழக்கம். அன்றைக்கு அதையும் மறந்துவிட்டார். மறுநாள் தெருவில் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பத்து மணிக்குள் எல்லா வீட்டிலும் தண்ணீர்க் குடம் காலியாகிவிட்டது.

உப்பு விஷயத்தை எல்லோரும் சிரித்தே மறந்தார்கள். அடுத்து நடந்தது சிரிப்பு இல்லை. அப்பா அடுப்புக்கு முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டார். முழங்கை அடுப்புக் கதவில் பட்டுத் தோல் வெந்துபோனது. கையில் கட்டோடு வந்தவரைப் பார்த்து அம்மா தட்டை எடுத்து வைத்தாள். அதன் பிறகு அடுப்படியிலேயே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கடை முதலாளி நல்லவர்தான். ஆனால் அவர் சொன்னதை அப்பா அம்மாவிடம் சொன்னபோது மிளகும் கேட்டாள். இந்த வாரக் கடைசிவரை பார்ப்பாராம். அதற்குப் பிறகும் இப்படியே இருந்தால் அப்பாவை நெருப்புப் பக்கமே விடமாட்டாராம். கல்லாப் பக்கம் உட்காரவைத்துவிட்டு அடுப்புக்கு வேறு ஆள் போட்டுவிடுவாராம்.

"பதினாலு வருஷமா அது என் அடுப்பு" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார்.

அப்போதுதான் மிளகு தெருவில் இறங்கினாள். சத்தம்தான் அப்பாவைத் தூங்கவிடாமல் செய்கிறது என்பது அவளுடைய முடிவு. வண்டிக்காரர், டயர் கடை, பேப்பர்காரர், மூன்று வீட்டுக் குழந்தைகள், குரைக்கிற நாயின் சொந்தக்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. அப்பாவின் கைக்கட்டைப் பற்றிச் சொன்னதும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நாய் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அதை அதன் சொந்தக்காரர் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பி வைத்தார்.

மூன்று நாள் தெரு மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் மிளகு மெதுவாகக் கதவைத் திறந்து பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தபடி கண்ணைத் திறந்து படுத்திருந்தார்.

"தெரு ரொம்ப அமைதியா இருக்கும்மா" என்றார். "அதனால வேர்வை சொட்டுற சத்தம்கூடக் கேக்குது."

மிளகு கீழே போய்ப் பேப்பர்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மணியை அடித்துக்கொள்ளச் சொன்னாள். அவர் அன்றைக்கு அடித்த அடியில் நான்கு தெரு தள்ளி இருந்தவர்கள்கூடப் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

வெயிலுக்காகப் பள்ளிக்கூடத்தை ஆறரை மணிக்குத் திறந்து பத்தரைக்கே மூடிக்கொண்டிருந்தார்கள். அறிவியல் சார் ஐந்தாம் வகுப்பில் ஆளுக்கொரு வெப்பமானி கொடுத்திருந்தார். வீட்டில் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளை அளந்து எழுத வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது, கையால் பிடிக்கக் கூடாது, ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு பையன் அதைச் சோற்றுப் பானைக்கு மேலே பிடித்து எழுபது என்று எழுதிக்கொண்டு வந்தான். வகுப்பே சிரித்தது.

வேறு வேறு நாடுகளில் இருக்கும் நான்கு பள்ளிக்கூடங்களும் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தன. அவர்கள் எழுதும் கடிதங்கள் சாருடைய கணினிக்கு வரும். அவர் அதைத் தமிழில் எழுதிப் பலகையில் ஒட்டுவார். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் காடு எரிந்துகொண்டிருந்தது. புகைக்குப் பயந்து பத்து நாளாக ஜன்னலைத் திறக்கவே இல்லை என்று எழுதியிருந்தார்கள். இன்னொரு ஊரில் ஒரு மாத மழை இரண்டே நாளில் கொட்டித் தீர்த்திருந்தது. அங்கே ஒரு சிறுமி எழுதியிருந்தாள்: "எங்கள் வெப்பமானி தண்ணீரில் மிதந்து போய்விட்டது. அதனால் அளவுகோலால் தண்ணீரை அளந்தோம். ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். எங்கள் மாடி வகுப்பில் இப்போது ஏழு குடும்பங்கள் தங்கியிருக்கின்றன. என் பெஞ்சில் ஒரு பாப்பா தூங்குகிறது."

மிளகு அதை இரண்டு முறை படித்தாள். ஒரே பூமியில் ஓர் இடத்தில் தண்ணீர், ஓர் இடத்தில் புகை, இங்கே இந்த வெயில். யாருக்கும் இந்த வருஷம் நிம்மதி இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை பள்ளிக்கூடத்தின் சூட்டை அளக்கும் முறை அவளுடையது. எல்லோரும் போன பிறகு சாரோடு இருந்து, பன்னிரண்டு மணிக்கு ஒவ்வொரு வகுப்பாக அளக்க வேண்டும். மாடியிலிருந்து ஆரம்பித்தாள். ஐந்தாம் வகுப்பு முப்பத்தொன்பது. நான்காம் வகுப்பு முப்பத்தெட்டு. கீழே பெரிய டீச்சர் அறை முப்பத்தாறு. பெரிய டீச்சர் என்றால் தலைமை ஆசிரியை. கடைசியில் கொல்லைப்பக்கம் இருந்த ஒன்றாம் வகுப்புக்குள் போனாள். முப்பத்தொன்று.

எழுதியதைப் பார்த்த சார், தண்ணீர்ப் பானை மேலே வைத்தாயா என்று கேட்டார். மிளகு இல்லையென்று தலையாட்டினாள். மறுபடியும் போய் அறையின் நான்கு மூலையிலும் நடுவிலும் வைத்து, ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் காத்திருந்து பார்த்தாள். முப்பத்தொன்றை விட்டு அது நகரவே இல்லை.

அவள் சுவரில் கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. ஜன்னல் விளிம்பில் கையை நீட்டினாள். அவளுடைய முழங்கைவரை சுவர்தான் இருந்தது, அவ்வளவு தடிமன். வகுப்புகளில் அது மட்டும்தான் பள்ளிக்கூடத்தின் மிகப் பழைய கட்டடத்தில் இருந்தது. முழுவதும் கல். தலைக்கு மேலே வெயிலை வாங்கிக்கொள்ள ஒரு மாடி. ஜன்னல்கள் வெயில் படாத பக்கம். மத்தியானம் முழுவதும் அந்த அறை யாருக்கும் உபயோகமில்லாமல் பூட்டியே கிடந்தது.

மிளகு தன் நோட்டைப் புரட்டினாள். நேற்று பன்னிரண்டு மணிக்கு அவளுடைய வீடு நாற்பத்தொன்று. அப்பா அதற்குள்தான் படுத்திருந்தார்.

பெஞ்சில் தூங்கும் பாப்பாவின் ஞாபகம் அப்போது வந்தது. மிளகு நோட்டை எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய டீச்சர் அறைக்கு நடந்தாள்.

பெரிய டீச்சருக்குச் சிரிப்பு என்பது ஆண்டு விழாவுக்கு மட்டும்தான். மிளகு சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இருபத்தாறு வருஷமா வகுப்புல தூங்குறவங்களை எழுப்பிக்கிட்டு இருக்கேன். நீ தூங்குறதுக்கு வகுப்பு கேட்டு வந்திருக்கே."

"ஆமா டீச்சர்" என்றாள் மிளகு. வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் நோட்டை விரித்து அவர் முன்னால் வைத்தாள்.

இடது பக்கம் வீடு, வலது பக்கம் ஒன்றாம் வகுப்பு. பெரிய டீச்சர் கணக்கு டீச்சராக இருந்தவர். எண்களைப் பார்த்தால் அவருடைய விரல் தானாக அதன் மேல் ஓடும். நாற்பத்தொன்றுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவில் அந்த விரல் நின்றது. அளந்தது சரிதானா என்று சாரைக் கூப்பிட்டுக் கேட்டார். ஐந்து இடத்தில் வைத்து அளந்தாள் என்றார் சார்.

"உங்க அப்பா ஒருத்தருக்கு மட்டும்தானா?" என்று கேட்டார் பெரிய டீச்சர். "ராத்திரி வேலை செய்றவங்க இந்தத் தெருவுல வேற யாரும் இல்லையா?"

மிளகுக்குச் சுருக்கென்றது. எதிர்வீட்டு நர்ஸ் அக்கா ராத்திரி வேலைக்குத்தான் போகிறாள். பேருந்து கழுவுகிற மாமா இருக்கிறார். கிடங்குக் காவல்காரர் இருக்கிறார். எல்லோரும் மாடி வீட்டுக்காரர்கள்தான்.

"நான் அப்பாவை மட்டும்தான் நெனச்சேன் டீச்சர்" என்றாள்.

"பரவாயில்லை. இப்ப மத்தவங்களையும் நெனைச்சுப் பாரு."

பெரிய டீச்சர் ஒரு தாளை எடுத்து மடமடவென்று எழுதினார். பதினொரு மணிக்குத் திறப்பது. காலைக் கழுவிவிட்டு வருவது. பாயும் தலையணையும் அவரவருடையது. பெண்களுக்கு, அதே கல் கட்டடத்தில் பக்கத்திலேயே இருக்கும் வாசிப்பு அறை. வாசலில் பள்ளிக்கூடக் காவல்கார அண்ணன் பெயர் எழுதிக்கொள்வார். ஐந்து மணிக்கு எல்லோரும் வெளியே. கடைசியாகக் குறட்டைக்குப் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் மிளகு வீட்டுக்கு ஓடினாள். ஆனால் அப்பா ஒரேயடியாக முடியாது என்றுவிட்டார்.

"நான் படிக்கும்போது வகுப்புல தூங்கி எத்தனை நாள் வெளியில நின்னிருக்கேன் தெரியுமா? இப்ப பாயைச் சுருட்டிக்கிட்டு அங்கேயே போகணுமா? பார்க்கிறவங்க சிரிப்பாங்கம்மா."

அம்மா கெஞ்சிப் பார்த்தாள். கோபித்துக்கொண்டும் பார்த்தாள். அப்பா கைக்கட்டைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கம்தான் என்று மிளகுக்குப் புரிந்தது. பதினான்கு வருஷம் ஒரு தெருவுக்கே ரொட்டி போட்டவருக்குத் தூங்க இடம் கொடுங்கள் என்று போய் நிற்பது கஷ்டமாகத்தான் இருக்கும். அதை வாய்ப்பேச்சால் போக்க முடியாது.

மறுநாள் பதினொரு மணிக்கு அவள் அப்பாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். பாய் வேண்டாம், தலையணை வேண்டாம், தூங்கவும் வேண்டாம் என்றாள்.

"ஒரே ஒரு தடவை வந்து அந்தச் சுவத்துல கை வெச்சுப் பாருங்கப்பா. அப்புறம் நாம திரும்பி வந்துடலாம்."

சுவரில் கை வைப்பதில் என்ன வந்துவிடப்போகிறது? அப்பா செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஒன்றாம் வகுப்பு அப்போதுதான் கூட்டித் துடைத்து ஈரமாக இருந்தது. சுவரெல்லாம் யானையும் வாத்தும் வரைந்திருந்தது. சின்னச் சின்ன நாற்காலிகளை ஓரமாக அடுக்கியிருந்தார்கள். அப்பா சங்கடத்தோடு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கன்னத்தை வைத்தார். பிறகு திரும்பி முதுகைச் சாய்த்துக்கொண்டார். முதுகு மெல்ல மெல்லக் கீழே வழுக்கிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒரு வாத்துக்கும் ஒரு யானைக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நல்ல கட்டடம்" என்றார். "இந்த மாதிரி கல்லு இப்பல்லாம் எங்க கெடைக்குது? இது வந்து..."

மிளகு காத்திருந்தாள். இது வந்து என்ன என்பது கடைசிவரை தெரியவில்லை. அப்பாவின் தாடை மார்பில் இறங்கிவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. இருபது நாளில் முதல் தடவையாக, மகள் பக்கத்தில் நிற்பது தெரியாமல், அப்பா தூங்கிவிட்டார்.

மிளகு அசையாமல் நின்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். மேற்பார்வை பார்க்க வந்த பெரிய டீச்சர் வாசலில் நின்று, தூங்குகிற அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பழக்க தோஷத்தில் மேஜையைத் தட்டக் கையை ஓங்கியவர், சட்டென்று அதைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து திரும்பிப் போனார்.

அப்பா ஐந்து மணிவரை தூங்கினார். அன்றைக்கு ராத்திரி முந்நூறு ரொட்டியும் பொன்னிறமாக வந்தன. முதலாளி ஒன்றைப் பிய்த்துத் தின்றுவிட்டு, அடுப்புக்கு ஆள் தேடி எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்து அதே அடுப்பில் போட்டார்.

வெயில் குறையவில்லை. அடுத்த வாரமும் அப்படியேதான் அடித்தது. ஆனால் ஒன்றாம் வகுப்புக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பாயும் தலையணையுமாக அப்பாவே நடுத்தெருவில் நடந்து போவதைப் பார்த்த பிறகு யாருக்கு வெட்கம்? பேருந்து மாமா வந்தார், கிடங்குக் காவல்காரர் வந்தார், வாசிப்பு அறைக்கு நர்ஸ் அக்காவும் அவளோடு வேலை செய்யும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். பழைய பேப்பர்காரர்கூட மத்தியான வெயிலுக்கு ஒதுங்கி, மணியை வாசலில் வைத்துவிட்டு ஒரு மூலையில் சாய்ந்துகொண்டார்.

மிளகு மழை ஊர்ச் சிறுமிக்குக் கடிதம் எழுதினாள். "எங்கள் ஒன்றாம் வகுப்பிலும் இப்போது ஆட்கள் தூங்குகிறார்கள். எல்லோருமே பெரியவர்கள். ஒருவர் மீசை வைத்திருக்கிறார். உங்கள் பெஞ்சைப் பற்றிப் படித்துத்தான் எனக்கு இது தோன்றியது. பாப்பா எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருந்தாள். சார் அதை அன்றைக்கே அனுப்பி வைத்தார்.

சாயங்காலம் எல்லோரையும் எழுப்புவது மிளகின் பொறுப்பு. மணி அடிக்கக் கூடாது என்பது பெரிய டீச்சர் உத்தரவு. அதனால் அவள் ஒவ்வொருவராகக் காலைத் தொட்டு எழுப்புவாள். நர்ஸ் அக்கா ஒரு தொடலில் எழுந்து முகம் கழுவப் போய்விடுவாள். பேருந்து மாமாவுக்கு மூன்று தொடல் வேண்டும். கிடங்குக் காவல்காரர் எழுந்ததும் யாரது என்று அதட்டுவார், பிறகு அவரே சிரித்துவிடுவார்.

அன்றைக்குக் கடைசியாக அப்பாவிடம் வந்தாள். கைக்கட்டு அவிழ்த்தாகிவிட்டது. முழங்கையில் புதுத் தோல் வந்திருந்தது. மிளகு அவர் காலைத் தொட்டாள். அப்பா கண்ணைத் திறக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, முழங்காலை மடக்கிக்கொண்டார்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்மா" என்றார்.

மிளகு கடிகாரத்தைப் பார்த்தாள். தினமும் காலையில் அவளும் இதையேதான் கேட்கிறாள். பிறந்ததிலிருந்து ஒரு நாளாவது அந்த வீட்டில் யாராவது கொடுத்திருப்பார்களா?

அவள் அப்பாவுக்குப் பத்து நிமிடம் கொடுத்தாள்.